தாடி ஓணானுக்கு எத்தனை தரம் சாப்பாடு?

உங்களில் சிலர் வீட்டில் தாடி ஓணான் வளர்ப்பீர்கள். வளர்க்காதவர்களுக்கும் வகுப்பில் அப்படி ஒரு நண்பராவது இருப்பார். ஜேர்மன் பேசும் மாநிலங்களில் அதை ‘பார்ட்அகாமே’ என்பார்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் ‘அகாம் பார்பு’. ஆங்கிலத்தில் ‘பியர்டட் டிராகன்’. நான் இங்கே தாடி ஓணான் என்றே எழுதப்போகிறேன். ஏன் அந்தப் பெயர் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

இதை வாங்கும் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எத்தனை தரம் சாப்பாடு போட வேண்டும்?

விடையை முதலே சொல்லிவிடுகிறேன். குஞ்சாக இருக்கும்போது தினமும் பூச்சி. வளர்ந்த பிறகு பூச்சி கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தரம், இலைகுழை தினமும். குளிர்கால உறக்கத்தின்போது ஒன்றுமே இல்லை.

கடைசி வரியைக் கேட்டால் எங்கள் அம்மம்மாமார் பதறிவிடுவார்கள். “ஒன்றுமே இல்லையோ? பாவம், அது என்ன செய்யும்?” என்பார்கள். இந்த விடைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ரோமில் தொடங்கி, சூரிச், பாசல், பேர்ண் வழியாக அவுஸ்திரேலியாவின் செம்மண் வரை போகும் வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால், ஒரு விலங்கின் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது யார் என்பதும் தெரியும்.

ஊரில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரன்

ஊருக்குப் போனபோது வேலியில், மதிலில், தென்னை மரத்தில் ஓணானைப் பார்த்திருப்பீர்கள். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். ஆண் ஓணானின் கழுத்து சில காலங்களில் சிவந்துபோகும். அந்த ஓணானும் சுவிஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தாடி ஓணானும் ஒரே குடும்பம். விஞ்ஞானிகள் அதை அகாமிடே என்று அழைக்கிறார்கள். தலையாட்டுவது இரண்டுக்கும் பொதுவான மொழி. “இது என்னுடைய இடம்” என்று அது சொல்கிறது.

ஓணானை நாங்கள் நல்லபடியாக நடத்தியதில்லை. தாகத்தோடு நின்ற இராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீரைக் கொடுத்ததாம் என்று ஒரு நாட்டார் கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பையன்கள் ஓணானுக்குக் கல்லெறிந்தார்கள். கழுத்துச் சிவப்பதைப் பார்த்து, அது தூரத்திலிருந்தே எங்கள் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்றார்கள். ஆங்கிலேயரும் அதற்கு ‘இரத்தம் உறிஞ்சி’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். ‘வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டதுபோல’ என்ற பழமொழியும் உண்டு. வேண்டாத வில்லங்கத்தை விலைகொடுத்து வாங்குவது என்று பொருள்.

பல்லிக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை இருந்தது. சங்க காலத்திலேயே பல்லி சொல்வதை நிமித்தமாகக் கேட்டார்கள். இன்றைக்கும் பல்லி விழும் பலன் நாட்காட்டிகளில் அச்சாகிறது. ஆனால் பல்லியிடம் எதிர்காலத்தைக் கேட்டவர்கள், ‘நீ என்ன சாப்பிடுகிறாய், எப்போது சாப்பிடுகிறாய்’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவிலும் நிலைமை அதைவிடப் பெரிதாக வேறுபடவில்லை.

காற்றைத் தின்னும் பிராணி

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர் ரோமாபுரி எழுத்தாளர் மூத்த பிளினி. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர். பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றை மட்டுமே உட்கொண்டு வாழ்கிறது என்று அதில் எழுதினார். பச்சோந்தி என்பது ஓணான் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு.

இந்தக் கருத்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில்கூட அதை வைத்து ஒரு பகிடி வருகிறது. பச்சோந்தி காற்றைத் தின்னும் என்பது பார்வையாளர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பகிடி எடுபட்டது.

சூரிச்சில் அதே நூற்றாண்டில் கொன்ராட் கெஸ்னர் என்ற மருத்துவர் வாழ்ந்தார். 1516இல் பிறந்து 1565இல் கொள்ளைநோயில் இறந்தவர். விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய பெரும் தொகுப்பின் முதல் பாகம் 1551இல் வந்தது. 1554இல் சூரிச்சில் அச்சான இரண்டாம் பாகம் முட்டையிடும் நாலுகால் பிராணிகளைப் பற்றியது. பல்லி, ஆமை, முதலை, பச்சோந்தி எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய நூல்கள் சொன்னதையும், மற்றவர்கள் கடிதத்தில் எழுதியதையும், தான் கண்டதையும் ஓரிடத்தில் சேர்த்துவைப்பது அவருடைய முறை. விலங்கியல் என்ற துறை வளர்ந்தது இப்படிச் சேர்த்துவைத்ததிலிருந்துதான்.

பிளினியைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர் ஏன் அப்படி நம்பினார்? பிடித்து வைத்த பச்சோந்தி நாட்கணக்கில் சாப்பிடாமல் இருந்தும் சாகவில்லை. ஒரு நாயோ குழந்தையோ அப்படி இருக்க முடியாது. இதற்கு இன்று விளக்கம் இருக்கிறது. நாங்கள் சாப்பிடும் சாப்பாட்டின் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவாகிறது. ஊர்வன அந்தச் சூட்டை வெயிலிலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்குத் தேவையான சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அவற்றுக்குப் போதும்.

அதாவது பிளினி பார்த்தது சரி, விளங்கிக்கொண்டது பிழை. பச்சோந்தி காற்றைத் தின்னவில்லை. வெயிலைச் சேமித்தது.

போத்தலுக்குள் பசி இல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் உலகம் முழுவதும் போய் விலங்குகளைச் சேகரித்தார்கள். பாசல் நகரத்தைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இருவர் 1883இல் இலங்கைக்குப் போனார்கள். தந்தைவழி உறவினர்கள். 1886 வரை அங்கே தங்கி விலங்குகளையும் வேடர் சமூகத்தையும் ஆராய்ந்தார்கள். எங்களில் பலருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சுவிஸுக்கு வரத் தொடங்கியது 1983க்குப் பிறகு. அதற்குச் சரியாக நூறு வருடத்துக்கு முன்னரே சுவிஸிலிருந்து இரண்டு பேர் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துச் சேகரிப்பு என்றால் பெரும்பாலும் மதுசாரம் நிரப்பிய போத்தல்தான். போத்தலுக்குள் இருக்கும் பிராணிக்கு எத்தனை செதில், எத்தனை பல் என்று எண்ணலாம். எத்தனை தரம் சாப்பாடு என்று அதனிடம் கேட்க முடியாது. காலனிக் காலத்து அறிவு பெயர்களை நிறையத் தந்தது, வாழ்க்கை முறையைக் குறைவாகவே தந்தது.

தாடி ஓணானின் பெயரும் அப்படித்தான் வந்தது. இன்று வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் இனத்தை 1926இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஏர்ன்ஸ்ட் ஆல். பேர்லின் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். அவர் வைத்த ‘விற்றிசெப்ஸ்’ என்ற பெயருக்குத் தலையில் பட்டி உடையது என்பது போன்ற ஒரு பொருள். 1982இல் மேற்கு அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் கிளென் ஸ்டோர் இந்த வகை ஓணான்களைத் தனிப் பேரினமாகப் பிரித்து ‘பொகோனா’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘பொகொன்’ என்றால் தாடி. அதன் தொண்டைத் தோல் முட்களோடு விரிந்து கறுக்கும்போது பார்த்திருந்தால் பெயரின் காரணம் விளங்கும்.

பேர்ணில் ஒருவர் வேறு கேள்வி கேட்டார்

உயிரோடு இருக்கும் விலங்கைப் பார்த்து, ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று முறையாகக் கேட்டவர்களில் முக்கியமான ஒருவர் சுவிஸ்காரர். பெயர் ஹைனி ஹெடிகர். 1908இல் பாசலில் பிறந்தவர். இளம் வயதில் தென் பசிபிக்கில் உள்ள நியூ பிரிட்டன் தீவின் ஊர்வனவற்றை ஆராய்ந்தார். 1938இல் பேர்ண் நகரின் டேல்ஹோல்ஸ்லி விலங்குப் பூங்காவுக்குப் பொறுப்பாளரானார். பிறகு பாசல், அதன்பின் 1954 முதல் 1973 வரை சூரிச் விலங்ககத்தின் இயக்குநர்.

1942இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, சிறைப்பட்ட காட்டு விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுவிஸில் அப்போது உணவுக்குப் பங்கீட்டு அட்டை. மனிதருக்கே அளந்து கொடுத்த காலத்தில் அவர் விலங்குகளின் தேவையைப் பற்றி எழுதினார். விலங்கக உயிரியல் என்ற துறைக்கு அந்த நூல் அடித்தளம் என்று சொல்வார்கள்.

அவர் சொன்ன முக்கியமான செய்தி இது. காட்டில் உள்ள விலங்கு நாங்கள் நினைப்பதுபோல விருப்பப்படி அலைந்து திரிவதில்லை. அதற்கு ஒரு எல்லை இருக்கிறது, ஒரு நேர அட்டவணை இருக்கிறது. இந்த மணிக்கு வெயில் காயும், இந்த வழியால் போகும், இந்த இடத்தில் இரை தேடும். ஆபத்து எவ்வளவு கிட்ட வந்தால் ஓட வேண்டும் என்பதற்குக்கூட ஒரு தூரம் உண்டு. ஓடும் தூரம் என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். கூட்டில் வைத்திருப்பவர் இந்த அட்டவணையைத் தெரிந்துகொள்ளாவிட்டால், தங்கக் கூண்டு கட்டினாலும் விலங்கு நலமாக இருக்காது. வேலை இல்லாமல் கிடப்பதும் விலங்குக்கு ஒரு துன்பம் என்றார் ஹெடிகர்.

இதைச் சாப்பாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ‘எவ்வளவு போட வேண்டும்’ என்பது பாதிக் கேள்விதான். ‘அதன் சொந்த இடத்தில் சாப்பாடு எப்படிக் கிடைத்தது’ என்பது மற்றப் பாதி. அந்தப் பாதிக்கு விடை தேட அவுஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும்.

ஈசல் பறக்கும் நாள்

தாடி ஓணானின் சொந்த நிலம் அவுஸ்திரேலியாவின் கிழக்கு, நடு உட்பகுதி. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தென் அவுஸ்திரேலியா ஆகியவற்றின் வறண்ட புதர்க்காடுகள். மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலம். மழை வந்தால் எல்லாம் கிடைக்கும். வராவிட்டால் மாதக்கணக்கில் காய்ந்த புதரும் சில எறும்புகளும்தான்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் காட்டில் வாழும் தாடி ஓணான்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கொல்லவில்லை. நீரைச் செலுத்தி வயிற்றில் இருந்ததை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவுகள் வெளியாகின. பல வகைப் பூச்சிகளும் ஒரு புதரின் இலைகளும் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது சிறகு முளைத்த கறையான். எங்கள் மொழியில் சொன்னால் ஈசல்.

ஈசல் எப்போது வரும் என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்பும், விளக்கைச் சுற்றும், காலையில் சிறகுகள்தான் தரையில் கிடக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதைப் பிடித்து வறுத்துப் பொரியோடு சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பும் புரதமும் நிறைந்த சாப்பாடு, ஆனால் வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும்.

தாடி ஓணானின் உடம்பு இந்தக் கணக்குக்குத்தான் பழகியிருக்கிறது. கிடைக்கும் நாளில் வயிறுமுட்டச் சாப்பிடு. மிஞ்சுவதைக் கொழுப்பாகச் சேர்த்துவை. கிடைக்காத நாட்களில் அதைக் கரை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடைக்காத நாள் என்று ஒன்று வருவதில்லை. தினமும் மழை, தினமும் ஈசல். சேர்த்த கொழுப்பு கரைவதில்லை. அது ஈரலில் போய்ப் படிகிறது. வளர்ந்த தாடி ஓணான்களுக்கு மருத்துவர்கள் அடிக்கடி காணும் நோய்களில் ஈரல் கொழுப்பும் ஒன்று. வெளியே பார்த்தால் விலங்கு கொழுகொழு என்று நன்றாக இருக்கும். போட்டால் எப்போதும் தின்னும். அதனால் வளர்ப்பவருக்கும் சந்தேகம் வராது.

பெட்டிக்குள் வந்த பரம்பரை

இவை சுவிஸுக்கு எப்படி வந்தன? அவுஸ்திரேலியா தன் நாட்டு விலங்குகளை வியாபாரத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளாகத் தடுத்துவருகிறது. 1982இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 1999இல் வந்த சுற்றாடல் சட்டமும் அந்தத் தடையைத் தொடர்கிறது. அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் கொஞ்சம் தாடி ஓணான்கள் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தன. அவை முட்டையிட்டுப் பெருகின. இன்று சுவிஸில் விற்பனையாகும் தாடி ஓணான்கள் அவற்றின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். அவுஸ்திரேலிய மண்ணில் கால் வைத்ததே இல்லை. வைக்கப்போவதும் இல்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. நாங்களும் இங்கே பிறந்தவர்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நாங்கள் காலையில் பாணும் வெண்ணெயும், இரவில் புட்டும் கறியும் என்று மாற்றிக்கொள்ளலாம். சில தலைமுறைகளில் ஓணானின் ஈரல் மாறிவிடாது. அது பாசலில் பிறந்தாலும் அதன் வயிறு குயின்ஸ்லாந்தின் மழைக்கணக்கில்தான் வேலை செய்கிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் நாங்கள் மாற்றியிருக்கிறோம். அவுஸ்திரேலியாவில் குளிர்காலம் யூன் முதல் ஓகஸ்ட் வரை. அந்த மாதங்களில் காட்டு ஓணான்கள் மந்தமாகி ஒதுங்கிவிடும். சுவிஸில் வளர்ப்பவர்கள் அந்த உறக்கத்தை எங்களுடைய குளிர்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். விளக்கு நேரத்தைக் குறைத்து, சூட்டைக் குறைத்து, இரண்டு மூன்று மாதம் உறங்க விடுகிறார்கள். நத்தாருக்கு நாங்கள் கேக் சாப்பிடும்போது அது ஒன்றும் சாப்பிடாமல் நிம்மதியாகத் தூங்கும்.

வயிறு நிறைந்தும் எலும்பு வளைந்த கதை

வளர்க்கத் தொடங்கிய ஆரம்ப காலங்களில் ஐரோப்பாவில் பல ஊர்வன எலும்பு வளைந்து, தாடை மென்மையாகிச் செத்துப்போயின. பசியால் சாகவில்லை. தின்றுகொண்டே செத்தன.

அதற்கான விடை மனிதக் குழந்தைகளிடமிருந்து வந்தது. 1919இல் பேர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி, கணை நோயால் கால் வளைந்த குழந்தைகளுக்கு ஒரு விளக்கின் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார். எலும்புகள் உறுதியாகின. போருக்குப் பிந்தைய பேர்லினில் வெயிலும் நல்ல சாப்பாடும் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கவில்லை. கொஞ்ச வருடங்களில் விற்றமின் டி என்ற பெயர் வந்தது. தோலில் புறஊதாக் கதிர் பட்டால் உடம்பே அதை உண்டாக்கும். அது இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள கல்சியம் எலும்புக்குப் போய்ச் சேரும்.

தாடி ஓணானுக்கும் அதே கதைதான். சன்னலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தேவையான கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அதனால்தான் தனியான புறஊதா விளக்கு. அதோடு, சில்வண்டிலும் மாப்புழுவிலும் கல்சியம் குறைவு, பொஸ்பரஸ் அதிகம். அதனால்தான் பூச்சிகளின் மேல் கல்சியம் தூள் தூவுகிறார்கள். அந்தப் பூச்சிகளுக்கும் முதல் நாள் நல்ல இலை, கரட் கொடுக்க வேண்டும். பூச்சி தின்றதுதான் கடைசியில் ஓணானுக்குப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

சுவிஸில் விலங்குப் பாதுகாப்புக்கான முதல் கூட்டாட்சிச் சட்டம் 1978இல் நிறைவேறி 1981இல் நடைமுறைக்கு வந்தது. 1992இல் மக்கள் வாக்களித்து, உயிர்களின் கண்ணியம் என்ற சொல்லையே அரசியலமைப்பில் சேர்த்தார்கள். இப்போதுள்ள சட்டமும் அதன் விரிவான விதிகளும் 2008 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளன. பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்த விதிகளின் பின்னிணைப்பு ஊர்வனவற்றின் உடல் நீளத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அந்த விதிகள் ஒரு நாளைக்கு இத்தனை தரம் என்று எண் சொல்லவில்லை. ஒழுங்காக, போதிய அளவில், அந்த விலங்குக்கு ஏற்ற உணவும் நீரும் கொடுக்க வேண்டும் என்கின்றன. உணவைத் தேடுவதும் பிடிப்பதும் அதன் இயல்பு என்றால், அதற்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்கின்றன. ஹெடிகர் 1942இல் எழுதியது சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சில்வண்டை இடுக்கியால் வாயில் ஊட்டுவதைவிட, ஓடவிட்டு அதையே பிடிக்கவிடுவது நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் விதி ஒன்றும் இருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் விலங்கை விற்க முடியாது. தாடி ஓணான் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். 14 வயதில் வாங்கினால், தொழிற்பயிற்சி முடிந்து வேலைக்குப் போன பிறகும் அது உங்களோடுதான் இருக்கும். கைவிடப்பட்ட ஊர்வனவற்றைப் பராமரிக்கும் நிலையங்கள் சுவிஸில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை குறைந்தபாடில்லை.

இன்னொரு சுவாரசியமான திகதி 2017 மே 1. அன்றிலிருந்து மூன்று பூச்சிகளை மனித உணவாக விற்க சுவிஸ் அனுமதித்தது: வீட்டுச் சில்வண்டு, வெட்டுக்கிளி, மாப்புழு. அதே வருடம் ஓகஸ்டில் கூப் கடைகளில் மாப்புழு பேர்கர் விற்பனைக்கு வந்தது. தாடி ஓணானின் சாப்பாட்டுப் பட்டியலும் ஏறக்குறைய இதேதான். ஈசல் வறுத்துத் தின்ற எங்கள் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

அப்படியானால் அட்டவணை

இவ்வளவு வரலாறும் சேர்ந்துதான் இன்றைய அட்டவணை.

முதல் நாலு மாதம் வரை: வளரும் வயது. சிறிய பூச்சிகள் தினமும், ஒன்று அல்லது இரண்டு தரம். பூச்சியின் அகலம் ஓணானின் இரண்டு கண்களுக்கும் இடையிலான தூரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். நறுக்கிய இலை பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். முதலில் தொடாது. பழகட்டும்.

நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை: தினமும் ஒரு தரம், பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் என்று பூச்சியை மெல்லக் குறையுங்கள். இலையைக் கூட்டுங்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு: பூச்சி கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தரம். மற்ற நாட்களில் இலைகுழை. சுவிஸ் புல்வெளிகளில் இலவசமாகக் கிடைக்கும் லோவென்சான், அதாவது மஞ்சள் பூப் பூக்கும் சிங்கப்பல் இலை, மிக நல்லது. மருந்தடிக்காத, வீதியோரம் இல்லாத இடத்தில் பறியுங்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுபோல் கொழுத்த தீனிப் புழுக்கள் எப்போதாவது மட்டும். பழம் கொஞ்சம். அவகாடோ கூடவே கூடாது.

நேரம்: காலையில் விளக்கின் கீழ் நன்றாகச் சூடேறிய பிறகு. இரவு விளக்கணையும் நேரத்துக்குக் கிட்டப் போடாதீர்கள். சூடு இல்லாவிட்டால் வயிற்றில் உள்ளது செமிக்காது. சாப்பிட மறுத்தால் முதலில் விளக்கையும் வெப்பமானியையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சில நாட்களாகத் தின்னாமல் மெலிந்தால், ஊர்வன தெரிந்த விலங்கு மருத்துவரிடம் போங்கள்.

குளிர்கால உறக்கத்துக்கு முன்: மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். சூட்டைக் குறைப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், குடல் வெறுமையாகட்டும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். ஒரு வயதுக்குக் குறைந்ததையும் நோயுற்றதையும் மருத்துவரைக் கேட்காமல் உறங்க விடாதீர்கள்.

சாப்பிட்டியா?

எங்கள் வீடுகளில் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘சாப்பிட்டியா’ என்றுதான் கேட்பார்கள். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தது. அரிசியையும் சீனியையும் மண்ணெண்ணெயையும் அளந்து அளந்து பாவித்தவர்கள் எங்கள் அம்மா அப்பாக்களும் அம்மம்மாக்களும். பசியைப் பார்த்தவர்களுக்கு நிறைந்த கோப்பைதான் அன்பு. உங்கள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு விழுவது அதனால்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் பாடசாலைக்குப் போன பிறகு, பெட்டிக்குள் இருந்து அந்த ஓணான் அம்மம்மாவைப் பார்க்கும். தலையை ஒருக்கால் ஆட்டும். “பசிக்குதோ ராசா?” என்று அவர் ஒரு புழுவை எடுத்துப் போடுவார். மாலையில் அப்பா ஒன்று போடுவார். இரவு நீங்கள் ஒன்று. மூன்று பேருடைய அன்பும் அதன் ஈரலில் போய்ச் சேரும்.

அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஈசல் கதையைச் சொல்லுங்கள். மழை பெய்த பிறகுதான் ஈசல் வரும் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். “அம்மம்மா, இதுக்கு ஊரில தினமும் ஈசல் கிடைக்காது” என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். பிறகு பெட்டியில் ஒரு தாளை ஒட்டுங்கள். எந்த நாள், என்ன சாப்பாடு, யார் போட்டது என்று மூன்று வரிசை. புழு போடும் பொறுப்பு ஒருவருக்கு. லோவென்சான் பறித்துக் கழுவித் தரும் வேலையை அம்மம்மாவுக்குக் கொடுங்கள். அதைத் தினமும் போடலாம். மாதத்துக்கு ஒரு தரம் சமையலறைத் தராசில் ஓணானை நிறுத்து, அந்த எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள்.